உரித்த எலுமிச்சை, உரிக்காத எலுமிச்சை

மகாராஷ்டிராவில் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு 'எலிமென்டரி', 'இன்டர்மீடியட்' என்ற இரண்டு வார்த்தைகளும் நன்றாகத் தெரிந்திருக்கும். மாநில அரசின் கலை இயக்ககம் பள்ளி மாணவர்களுக்கு நடத்துகிற ஓவியத் தேர்வுகள் இவை. மாட்டுங்காவோ, செம்பூரோ, தாராவியோ, கொஞ்சம் படம் போட வருகிற பிள்ளை என்றால் டிராயிங் டீச்சர் பெயரைக் கொடுத்துவிடுவார். இன்டர்மீடியட்டில் 'ஸ்டில் லைஃப்' என்று ஒரு தாள் உண்டு. ஒரு மேஜை, மடிப்பு மடிப்பாகத் தொங்கும் துணி, அதன்மேல் ஒரு பாத்திரம், பக்கத்தில் ஒன்றிரண்டு பழமோ காயோ. பார்த்து வரைந்து வண்ணம் தீட்ட வேண்டும்.

சரி, ஏன் பழம்? டீச்சரைக் கேட்டால், உருண்டையான பொருளில் வெளிச்சமும் நிழலும் எப்படி விழுகிறது என்று பழகுவதற்கு என்பார். உண்மைதான். ஆனால் அந்தப் பழம் மேஜைமேல் வந்து உட்கார்ந்ததற்குப் பின்னால் 2,000 வருஷக் கதை இருக்கிறது. அந்தக் கதையில் பழம் வெறும் உருண்டை அல்ல. அது ஏதோ சொல்ல வந்திருக்கிறது.

இன்னொரு கேள்வியும் உண்டு. நம் ஊர்ப் பழைய ஓவியங்களில் ஒரு பழத்தட்டை மட்டும் தனியாக வரைந்து மாட்டியதைப் பார்த்திருக்கிறீர்களா? தஞ்சாவூர்ப் படத்தில் கண்ணன் இருப்பான், வெண்ணெய்ப் பானை இருக்கும், தங்க ரேக்கு மின்னும். ஒரு சீப்பு வாழைப்பழம் மட்டும் நடுநாயகமாக இருக்கிற படம் கிடைப்பது அபூர்வம். (வேடிக்கை என்னவென்றால், அந்தப் படங்களின் பலகையே பெரும்பாலும் பலா மரம்தான். மரம் உண்டு, பழம் இல்லை!) பழத்துக்கு இத்தனை மரியாதை கொடுக்கிற நாம் ஏன் அதைத் தனியாக வரையவில்லை?

இரண்டு கேள்விகளுக்கும் சேர்த்துப் பதில் தேடலாம். முதலில் கொஞ்சம் ஐரோப்பா போய் வருவோம்.

*

கி.பி. 79ல் வெசூவியஸ் எரிமலை வெடித்துச் சாம்பலில் புதைந்த பாம்பேய் நகர வீடுகளின் சுவர்களில் பழ ஓவியங்கள் இருக்கின்றன. கண்ணாடிக் கிண்ணம் நிறையப் பழங்கள், பக்கத்தில் சாய்ந்து கிடக்கும் மாதுளை, திராட்சைக் கொத்து. இந்த வகைப் படங்களுக்கு ரோமானியர் வைத்த பெயர் 'க்ஸீனியா'. விருந்தாளிக்குக் கொடுக்கும் பரிசு என்று அர்த்தம். வித்ருவியஸ் என்ற ரோமானியக் கட்டடக் கலைஞர் இதற்கு விளக்கம் எழுதி வைத்திருக்கிறார். கிரேக்கப் பணக்காரர்கள் வீட்டுக்கு வந்த விருந்தாளியை முதல் நாள் தங்களோடு சாப்பிட வைப்பார்கள். மறுநாளிலிருந்து கோழி, முட்டை, காய்கறி, பழம் என்று அவர் அறைக்கே அனுப்பிவிடுவார்கள். அப்படி அனுப்பும் பொருள்களை வரைந்த படங்களுக்கும் அதே பெயர் நின்றுவிட்டது.

நம் பாஷையில் சொன்னால் சீர்த்தட்டு. ஆக, மேற்கில் பழப்படம் பிறந்தபோது அது உபசரிப்பின் படம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அப்புறம் கிறிஸ்துவம் வந்தது. பழங்களுக்குப் புது அர்த்தங்கள் வந்தன. திராட்சை, இயேசுவின் ரத்தத்தைக் குறிக்கும் திராட்சை ரசத்தை நினைவுபடுத்தியது. மாதுளை உயிர்த்தெழுதலுக்கு அடையாளம் ஆனது. போட்டிசெல்லி 1487 வாக்கில் வரைந்த மாதா படத்தில் குழந்தை இயேசுவின் கை மாதுளைமேல் இருக்கும். ஆப்பிள் பாவத்தின் பழம். இத்தனைக்கும் ஆதியாகமத்தில் ஆப்பிள் என்ற பேச்சே கிடையாது, பழம் என்றுதான் இருக்கிறது. லத்தீனில் 'மாலும்' என்ற சொல்லுக்கு ஆப்பிள் என்றும் பொருள், தீமை என்றும் பொருள். அந்தச் சொல் விளையாட்டும் சேர்ந்து ஆப்பிளை மாட்டிவிட்டது.

ஆனால் இந்தப் பழங்கள் எல்லாம் யாரோ ஒருவர் கையிலோ காலடியிலோதான் இருந்தன. 1600க்குச் சற்று முன்னால் காரவாஜியோ என்ற இத்தாலியர் ஒரு பழக்கூடையை மட்டும் வரைந்தார். மிலான் நகரத்து அம்ப்ரோசியானா கூடத்தில் இன்றும் இருக்கிறது. மனிதர் இல்லை, சாமி இல்லை, கூடை மட்டும். உற்றுப் பார்த்தால் முன்னால் இருக்கிற ஆப்பிளில் புழு துளைத்த ஓட்டை. இலைகளில் சில காய்ந்து சுருண்டிருக்கின்றன. அழகான கூடைதான், ஆனால் அழுகல் ஆரம்பித்துவிட்டது.

அந்தப் புழு ஓட்டை வழியாகத்தான் டச்சுக்காரர்கள் உள்ளே போனார்கள் என்று சொல்லலாம். 17ம் நூற்றாண்டு ஹாலந்தில் இந்த வகைப் படங்கள் ஆயிரக்கணக்கில் வரையப்பட்டன. 'ஸ்டில் லைஃப்' என்ற பெயரே 'ஸ்டில்லெவென்' என்ற டச்சுச் சொல்லிலிருந்து வந்தது. அசையாத உயிர். பிரெஞ்சுக்காரர்கள் இன்னும் ஒரு படி மேலே போய் 'நாத்யூர் மோர்த்', அதாவது செத்த இயற்கை என்றே பெயர் வைத்துவிட்டார்கள்!

டச்சுப் படங்களில் திரும்பத் திரும்ப வரும் பழம் எலுமிச்சை. பாதி உரித்திருக்கும். தோல் சுருள் சுருளாக மேஜை விளிம்புக்குக் கீழே தொங்கும். பீட்டர் கிளாஸ், வில்லெம் ஹேடா, வில்லெம் கால்ஃப் எல்லோரும் வரைந்திருக்கிறார்கள். பார்க்க அழகு, கடித்தால் புளிப்பு, உலக இன்பமும் அப்படித்தான் என்பது ஒரு விளக்கம். பக்கத்தில் கடிகாரம் இருந்தால் நேரம் ஓடுகிறது. மண்டையோடு இருந்தால் சொல்லவே வேண்டாம். பழுத்த பழம் நாளைக்கு அழுகும், நீயும் அப்படியே என்று விருந்து மேஜைமேல் வைத்து உபதேசம்.

இன்னொரு பக்கமும் உண்டு. எலுமிச்சை அந்தக் குளிர்தேசத்தில் விளையாது. தெற்கிலிருந்து காசு கொடுத்து வாங்க வேண்டும். ஆகவே 'என்னிடம் இது இருக்கிறது பார்' என்ற பெருமையும் அதே படத்தில் இருக்கிறது. பெருமையா, உபதேசமா என்று கலை வரலாற்றாளர்கள் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். என் கட்சி, இரண்டும்தான்.

இங்கே நமக்கு ஒரு தூரத்து உறவு இருக்கிறது. பீட்டர் கிளாஸ் 1627ல் வரைந்த வான்கோழி விருந்துப் படம் ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ் மியூசியத்தில் இருக்கிறது. பழங்கள், எலுமிச்சை, ரொட்டியோடு மேஜைமேல் ஒரு காகிதப் பொட்டலம். அதிலிருந்து மிளகு சிந்தியிருக்கிறது. நம் மளிகைக்கடைப் பொட்டலம் மாதிரியே கூம்பு! அந்தக் காலத்தில் டச்சு கிழக்கிந்தியக் கம்பெனி மிளகை அதிகமும் சுமத்ரா, ஜாவா பக்கம் வாங்கியது. அங்கே வியாபாரிகள் வெள்ளியைவிடத் துணியை விரும்பிக் கேட்டார்கள். எந்தத் துணி? சோழமண்டலக் கரையில் நெய்தது. அதற்காகவே டச்சுக்காரர்கள் 1610 வாக்கில் சென்னைக்கு வடக்கே பழவேற்காட்டில் வந்து உட்கார்ந்து கோட்டையும் கட்டினார்கள். ஆக, அந்த மேஜைமேல் சிந்திக் கிடக்கும் மிளகு வகைக்குப் பின்னால் நம் ஊர்த் தறிகளின் சத்தம் இருக்கிறது. படத்தில் நாம் தெரியமாட்டோம், அவ்வளவுதான்.

*

இப்போது அதே எலுமிச்சையை நம் ஊருக்குக் கொண்டுவாருங்கள்.

பெரியவர்களைப் பார்க்கப் போனால் கையில் ஒரு எலுமிச்சம்பழம். ராஜகனி என்றே அதற்குப் பெயர். புது வண்டி வாங்கினால் சக்கரத்தின் கீழே நாலு. அம்மன் கழுத்தில் மாலையாக. மும்பையில் சனிக்கிழமை காலை ஸ்டேஷன் வாசலில் ஒரு எலுமிச்சையும் ஏழு பச்சை மிளகாயும் கோத்து விற்பார்கள். மராட்டிக் கடை, குஜராத்திக் கடை, நம் இட்லிக் கடை எல்லாவற்றிலும் ஷட்டருக்கு மேலே தொங்கும். பழையதைத் தெருவில் போட்டிருப்பார்கள், இந்த அவசர ஊரிலும் ஜனங்கள் அதை மிதிக்காமல் சுற்றிப் போவார்கள்.

நம் எலுமிச்சை உரிக்காத எலுமிச்சை. முழுசாக இருக்க வேண்டும், புள்ளி இருக்கக் கூடாது. நறுக்கினால்கூட ஒரு காரியத்துக்காகத்தான்: ராகுகாலத்தில் துர்க்கைக்கு அதையே கவிழ்த்து விளக்காக்கிவிடுவோம். டச்சு எலுமிச்சை தன்னைப் பற்றிப் பேசுகிறது: நான் வெளியே இப்படி, உள்ளே அப்படி. நம் எலுமிச்சை தன்னைப் பற்றிப் பேசுவதே இல்லை. யார் யாருக்குக் கொடுத்தார்கள், எதற்கும் எதற்கும் நடுவில் காவலாக நிற்கிறது என்பதுதான் அதன் பேச்சு.

நம் பழக் கதைகளை வரிசையாக நினைத்துப் பாருங்கள். அதியமான் நெடுமான் அஞ்சி, உயிரை நீட்டிக்கும் அரிய நெல்லிக்கனியைத் தான் சாப்பிடாமல் ஒளவைக்குக் கொடுத்தான். புறநானூற்றின் 91ஆவது பாட்டு அதற்கு நன்றி. நாரதர் கொண்டுவந்த ஒற்றை மாம்பழத்துக்காக முருகன் மயிலேறி உலகைச் சுற்ற, அண்ணன் அம்மையப்பனைச் சுற்றிவந்து வாங்கிக்கொள்ள, தம்பி கோபித்துக்கொண்டு பழனி ஏறிவிட்டான். காரைக்காலில் புனிதவதி, கணவன் அனுப்பிய இரண்டு மாங்கனிகளில் ஒன்றைப் பசியோடு வந்த சிவனடியாருக்குப் போட்டுவிட்டாள். கணவன் இரண்டாவதையும் கேட்டபோது இறைவனை வேண்டி இன்னொரு கனி பெற்றாள். அது தெரிந்ததும் கணவன் பயந்துபோய் விலகினான், அவள் காரைக்கால் அம்மையார் ஆனாள். 12ம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரியபுராணத்தில் விரிவாகப் பாடியிருக்கிறார்.

மூன்று கதையிலும் பழம் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போகிறது, அல்லது போக மறுக்கப்படுகிறது. கதை நடப்பது அந்த இடைவெளியில்தான். மேஜைமேல் சும்மா கிடக்கும் பழத்தில் நமக்குக் கதையே இல்லை!

இதை நிரூபிக்க ஒரு சின்ன சாட்சி. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் சோழர் காலத்துக் காரைக்கால் அம்மையார் செப்புச்சிலை ஒன்று இருக்கிறது. எலும்பும் தோலுமாக உட்கார்ந்திருக்கிறார். கையில் மாங்கனி இல்லை, தாளம் இருக்கிறது. மாம்பழத்தால் புகழ்பெற்றவர் கையில் மாம்பழம் இல்லை. ஏன்? அதைத்தான் கொடுத்தாயிற்றே! ஆனி பௌர்ணமியில் காரைக்காலில் மாங்கனித் திருவிழா நடக்கும்போது ஜனங்கள் மாடிகளிலிருந்து மாம்பழங்களை வீசுவார்கள், கீழே இருப்பவர்கள் பிடிப்பார்கள். சிலையில் இல்லாத பழம் தெருவில் பறக்கிறது.

*

மொழியிலும் இதே வித்தியாசம் தெரிகிறது. 'போன காரியம் காயா, பழமா?' என்று கேட்கிறோம். மனசு 'கனிய' வேண்டும் என்கிறோம். அறிவாளியைப் 'பழுத்த' ஞானி என்கிறோம். வள்ளுவர் 100ஆவது குறளில் இனிய சொல்லைக் கனிக்கும் கடுஞ்சொல்லைக் காய்க்கும் உவமையாக்கினார். காயிலிருந்து கனிக்கு வருவதுதான் நமக்குப் பயணம். பழுத்தாயிற்று என்றால் வந்து சேர்ந்தாயிற்று. டச்சு ஓவியன் அதே பழத்தைப் பார்த்து, பழுத்தாயிற்றா, அப்போ நாளைக்கு அழுகும் என்கிறான். அவன் பழத்தின் மறுநாளைப் பார்க்கிறான். நாம் அதன் முந்தின நாளைப் பார்க்கிறோம். பழம் ஒன்றுதான், நிற்கிற இடம் வேறு.

சின்ன வயதில் சண்டை போட்டால் 'காய்' விடுவோம், சேர்ந்துகொண்டால் 'பழம்' விடுவோம், ஞாபகம் இருக்கிறதா? செம்பூரில் வளரும் நம் பிள்ளைகள் 'கட்டி', 'பட்டி' என்கிறார்கள். மராட்டிக் குழந்தைகளிடம் கற்றது. அர்த்தம் அதேதான், சமாதானமும் அதே வேகத்தில் ஆகிவிடுகிறது. ஆனால் அந்தச் சமாதானத்துக்குள் இருந்த பழம் போய்விட்டது. யாரும் திருடவில்லை, சத்தமில்லாமல் கீழே விழுந்துவிட்டது. புலம்பெயர்வில் தொலைவது பெரும்பாலும் இப்படிப்பட்ட சின்னப் பொருள்கள்தான்.

*

நம் பக்கத்தில் பழம் கையைவிட்டு இறங்கி வெள்ளைத் தாளில் தனியாக உட்கார்ந்தது எப்போது? ஒரு பெரிய அத்தியாயம் கம்பெனி ஆட்சியில் நடந்தது. ராபர்ட் வைட் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் 1819ல் சென்னை ராஜதானிக்கு வந்தார். செடிகொடி ஆராய்ச்சியில் பைத்தியம். ரங்கையா, கோவிந்து என்று இரண்டு ஓவியர்களை அடுத்தடுத்து வேலைக்கு வைத்துக்கொண்டார். 1838 முதல் 1853 வரை அவர் வெளியிட்ட தென்னிந்தியத் தாவரப் படத்தொகுதியில் 2,100க்கும் மேற்பட்ட தகடுகள். பெரும்பாலானவற்றின் மூலச் சித்திரம் இந்த இருவர் கை. இலை, பூ, காய், காயின் குறுக்கு வெட்டு, விதை. நறுக்கிய பழம் நம் ஓவியனின் தாளில் ஏறியது இப்படித்தான். இங்கே அதற்குப் பாவமும் இல்லை, ஞானமும் இல்லை. அது தகவல். அந்தக் காலத்தில் இந்திய ஓவியர்கள் பெயரைப் பல துரைமார்கள் எழுதிக்கூட வைக்கவில்லை. வைட் எழுதினார், ஒரு ஆர்க்கிட் இனத்துக்குக் கோவிந்து பெயரையே வைத்தார். மூலச் சித்திரங்களில் பல இன்று எடின்பரோ தாவரவியல் தோட்டத்தில் இருக்கின்றன.

அடுத்து ஓவியப் பள்ளிகள். சென்னையில் 1850, பம்பாயில் ஜே.ஜே. பள்ளி 1857. ஐரோப்பிய முறையில் பொருள்களைப் பார்த்து வரையும் பாடம் வந்தது. நம் பிள்ளைகள் எழுதும் இன்டர்மீடியட் தாளின் தாத்தா இதுதான். கூடவே, உங்கள் மரபில் ஸ்டில் லைஃப் இல்லை என்ற எண்ணமும் வந்து உட்கார்ந்தது. ஏதோ நமக்கு வரையத் தெரியாமல் போனது மாதிரி! அஜந்தா முதல் குகையின் கூரையை அண்ணாந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். 5ம் நூற்றாண்டிலேயே கட்டம் கட்டமாகப் பூவும் பழமும் பறவையும் விலங்கும். கை இருந்தது. மேஜை வேண்டும் என்று தோன்றவில்லை.

பிறகு பம்பாய் ஒரு காரியம் செய்தது. கும்பகோணத்தில் பிறந்து திருவாங்கூர், பரோடா சமஸ்தானங்களில் திவானாக இருந்த டி. மாதவராவ், ரவிவர்மாவிடம் உங்கள் படங்களை அச்சில் பெருக்குங்கள் என்று 1880களில் யோசனை சொன்னார். 1894ல் ரவிவர்மா பம்பாய் கிர்காவில் ஜெர்மன் இயந்திரங்களோடு கல்லச்சுக்கூடம் தொடங்கினார். சில வருஷத்தில் அச்சகம் லோனாவ்லா பக்கம் மலவ்லிக்குப் போனது, கைமாறியது, 1972ல் தீயில் போனது. ஆனால் அதற்குள் லட்சுமியும் சரஸ்வதியும் சாதாரண ஜனங்களின் சுவர்களுக்கு வந்துவிட்டார்கள். பின்னால் கோவில்பட்டி கொண்டையராஜுவும் (1898–1976) அவர் சீடர்களும் வரைந்த சாமி படங்கள் சிவகாசி காலண்டர்களாக நாடெங்கும் போயின. தாராவியில் பத்துக்குப் பத்து அறையில் குடியேறிய திருநெல்வேலிக் குடும்பத்துக்குக் கோயில் என்பது ஆணியில் தொங்கும் அந்தக் காலண்டர்தான்.

இங்கேதான் என் இரண்டாவது கேள்விக்கு விடை கிடைத்தது. படத்துக்கு முன்னால் என்ன வைக்கிறோம்? இரண்டு வாழைப்பழம், வெற்றிலை பாக்கு, ஒரு தேங்காய். நாம் பழத்தட்டைப் படத்துக்குள் வரையவில்லை, ஏனென்றால் அது படத்துக்கு வெளியே, நிஜமாகவே இருக்கிறது. தினமும் புதிதாக அடுக்குகிறோம். சாயங்காலம் கலைத்துச் சாப்பிடுகிறோம். கொலுவில்கூட மண் பழங்கள் படிமேல் இருக்கும், சுண்டலும் நிஜ வாழைப்பழமும் வந்தவர் கைக்குப் போகும். டச்சுக்காரன் பழம் அழுகிவிடுமே என்று வரைந்து வைத்தான். நாம் அழுகுவதற்குள் கொடுத்துவிட்டோம்.

*

மும்பையில் இதைப் பற்றி எழுதும்போது ஒருவரைச் சொல்லாமல் விட முடியாது. கே.எச். ஆரா. செகந்திராபாத் அருகே பொலாரத்தில் 1914ல் பிறந்தவர். தாயை இழந்த பிள்ளை, ஏழெட்டு வயதில் ஓடிவந்து பம்பாய் சேர்ந்தார். கார் துடைத்தார், வெள்ளைக்காரர் வீட்டில் வேலை பார்த்தார். இடையே வரைந்தார். 1942ல் முதல் தனிக் கண்காட்சி. 1947ல் சூசா, ரஸா, ஹுசேன், காடே, பாக்ரே ஆகியோரோடு சேர்ந்து முற்போக்கு ஓவியர் குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவர். மற்றவர்கள் பெரிய பெரிய விஷயங்களுக்குப் போனபோது ஆரா விடாமல் வரைந்த பொருள்களில் பூச்சாடியும் பானையும் பழமும் முக்கியமானவை. நவீன இந்திய ஓவியத்தில் ஸ்டில் லைஃபைத் தன் பிரதானப் பொருளாக எடுத்துக்கொண்டவர் என்று அவரைச் சொல்வார்கள். 1985ல் மறைந்தார்.

சொந்த மேஜை இல்லாமல் அடுத்தவர் மேஜையைத் துடைத்து வளர்ந்த ஒருவர், பழம் வைத்த மேஜையை வாழ்நாள் முழுக்க வரைந்திருக்கிறார். அவர் படங்களில் மண்டையோடு தேவைப்படவில்லை. நான் பார்த்தவற்றில் பழங்கள் தடித்த வண்ணத்தில், கனமாக, நிறைவாக இருக்கின்றன. இதைப் பெருமை என்று சொல்ல வாய் வரவில்லை. இன்றைக்குச் சாப்பாடு இருக்கிறது என்ற நிம்மதி என்று எனக்குப் படுகிறது. இது என் வாசிப்பு, வேறு மாதிரி பார்ப்பவர்களும் இருக்கலாம். ஆனால் ஊர்விட்டு வந்தவர்களுக்கு இந்த வாசிப்பு எளிதில் பிடிபடும் என்று நினைக்கிறேன்.

எங்கள் வீட்டிலும் ஒரு வருஷம் ஸ்டில் லைஃப் பயிற்சி நடந்தது. பெண் பூஜைத் தட்டையே மேஜைமேல் வைத்து, வாழைப்பழமும் எலுமிச்சையும் அடுக்கி, யாரும் தொடக் கூடாது என்று சட்டம் போட்டாள். மூன்றாம் நாள் பழத்தில் கறுப்புப் புள்ளி. ஊரிலிருந்து வந்திருந்த என் அம்மா பொறுக்கமாட்டாமல், "ஏண்டி கண்ணு, பழத்தைப் பாத்துட்டே இருந்தா வயிறு நெறையுமா? வரைஞ்சது போதும், எதிர் வீட்டுக் கொழந்தைக்கு ரெண்டு குடு, வேற வாங்கிக்கலாம்" என்றார். பெண்ணுக்குக் கோபம். வெளிச்சம் மாறிவிடுமாம். இரண்டு பேர் சொன்னதும் நியாயம். ஒருத்தி மேஜைமேல் இருக்கும் பழத்தின் பக்கம், இன்னொருத்தர் கைமாறும் பழத்தின் பக்கம். நடுவில் நான்.

*

நம்மிடம் ஸ்டில் லைஃபுக்கு மிக நெருங்கி வருவது ஒன்று உண்டு. சித்திரைக் கனி. கோவை, நெல்லை, குமரிப் பக்கத்தாருக்கும், மாட்டுங்கா, செம்பூரில் நிறைந்திருக்கும் பாலக்காட்டுக் குடும்பங்களுக்கும் சொல்லவே வேண்டாம். முந்தின இரவே உருளியிலோ தாம்பாளத்திலோ மா, பலா, வாழை, வெள்ளரிக்காய், கொன்றைப்பூ, நெல், நாணயம், நகை எல்லாம் அடுக்கி, பின்னால் ஒரு கண்ணாடி வைப்பார்கள். விடியற்காலை கண்ணைத் திறக்காமல் அழைத்து வந்து முதலில் அதைப் பார்க்க வைப்பார்கள். சாப்பிட அல்ல, பார்க்க என்றே அடுக்கிய பழங்கள்! ஒளி, இடம், வரிசை எல்லாம் யோசித்து வைத்தது. ஓவியப் பள்ளியில் சேர்ந்தவர்கள் செய்வதைப் பாட்டிகள் ராத்திரி பத்து மணிக்கு விளக்கை அணைப்பதற்கு முன் செய்துவிடுகிறார்கள்.

அந்தக் கண்ணாடியைக் கவனியுங்கள். ஐரோப்பியப் படங்களில் பழத்தோடு கண்ணாடி இருந்தால் அது பெரும்பாலும் வீண் பெருமைக்கு அடையாளம். அழகைப் பார்த்துக்கொள், நாளைக்கு இருக்காது என்று. கனிக் கண்ணாடியில் பழங்கள் இரட்டிப்பாகத் தெரிகின்றன, நடுவில் தூக்கம் கலையாத உன் முகமும் தெரிகிறது. நிறைவுக்கு நடுவில் உன்னைப் பார்த்துக்கொண்டு வருஷத்தைத் தொடங்கு என்கிறது. பார்த்து முடித்ததும் பெரியவர்கள் கையில் காசு வைப்பார்கள், கைநீட்டம். பிறகு பழங்கள் பங்கு போகும். கை மறுபடி உள்ளே வந்துவிட்டது பாருங்கள்.

மும்பையில் கனி வைப்பது கஷ்டமில்லை. ஏப்ரலில் ஹாபுஸ் வந்துவிடும். மாட்டுங்கா மார்க்கெட்டில் வாழை இலையும் கொன்றையும் பலாவும் கிடைக்கும். கஷ்டம் மறுநாள்தான். இரண்டு பேர், மூன்று பேர் இருக்கும் ஃபிளாட்டில் அத்தனை பழத்தை என்ன செய்வது? ஃபிரிட்ஜில் போகும், கறுக்கும், ஒரு நாள் குப்பைக்குப் போகும். அப்போது நம் தட்டு டச்சுப் படமாகிவிடுகிறது. அதே புள்ளி, அதே சுருங்கிய இலை, அதே செய்தி. அடுக்குவதை மட்டும் கற்றுக்கொண்டு கொடுப்பதை விட்டுவிட்டால் மிஞ்சுவது செத்த இயற்கைதான்.

தாராவியில் பொங்கலன்று 90 அடி ரோட்டில் பெண்கள் வரிசையாகப் பானை வைப்பார்கள். பக்கத்தில் கரும்பும் வாழையும் இருக்கும். அங்கே யாருக்கும் இந்தப் பிரச்சினை இல்லை, பானை இறங்கின கொஞ்ச நேரத்தில் எல்லாம் கைமாறிவிடும். ஃபிளாட்காரர்களான நமக்குத்தான் கதவைத் திறந்து எதிர் வீட்டு மணியை அழுத்த வேண்டியிருக்கிறது. எதிர் வீட்டு மராட்டி அம்மாளுக்குச் சித்திரைக் கனி என்னவென்று தெரியாது, ஆனால் ஹாபுஸ் தெரியும். விநாயக சதுர்த்திக்கு அவர்கள் வீட்டு மோதகம் நம் வீட்டுக்கு வந்திருக்குமே, அந்தக் கணக்கும் பாக்கி இருக்கிறது.

ஆகவே பிள்ளைகள் பழம் வரையட்டும். எலுமிச்சையை உரித்தே வரையட்டும், அந்த மஞ்சள் சுருளை வரைவது நிஜமாகவே கஷ்டமான வித்தை. அழுகும் பழத்தைப் பார்க்கத் தெரிவதும் ஒரு கல்விதான். டச்சுக்காரர்கள் அதைப் பொய் சொல்லவில்லை. கூடவே இரண்டு விஷயம் சொல்லிக் கொடுப்போம். ரோமானியர் இந்தப் படத்தை ஆரம்பித்தபோது அது விருந்தாளிக்கு அனுப்பிய தட்டு. நம் வீட்டில் இன்றும் அது அப்படித்தான். வரைந்து முடித்ததும் பழம் மேஜையில் இருக்கக் கூடாது.